ஒரே டிஸ்ட்ரிக்ட், இரண்டு ப்ரீஸ்கூல்: நாங்கள் பார்த்ததும் பார்க்கத் தவறியதும்

என் மகள் பிறந்தது அக்டோபர் 7. நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சி ஊரில் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் இலவச ப்ரீஸ்கூலில் சேர அக்டோபர் 1க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். ஆறே நாள் வித்தியாசம். அந்த ஆறு நாளுக்காக இன்னும் ஒரு வருடம் டேகேருக்கு மாதம் 1,650 டாலர் கட்டினோம். பணம் கட்டும் ஒவ்வொரு முறையும் என் வீட்டுக்காரர், "கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம்ல பாப்பா" என்பார். அவளும் என்ன ஏதென்று தெரியாமல் "சாரிப்பா" என்பாள்.

அடுத்த பிப்ரவரியில் விண்ணப்பம் திறந்தது. மூன்று இடங்களை விருப்ப வரிசையில் எழுதச் சொல்லியிருந்தார்கள். அதுவரை டிஸ்ட்ரிக்ட் ப்ரீஸ்கூல் என்றால் ஏதோ ஒரே இடம் என்றுதான் நினைத்திருந்தேன். பட்டியலைத் திறந்தால் பத்தொன்பது இடங்கள்.

ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "அங்கேயும் பால்வாடி உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்ப பக்கத்துல இருக்கிறதுல விடு. இதுக்குப் போய் என்ன ஆராய்ச்சி?" என்றார். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், அம்மா சொன்னதில் பாதி சரி.

இது ஏன் இலவசம், ஏன் இத்தனை இடங்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதையெல்லாம் ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது இதில்தான் இருக்கிறது. நியூ ஜெர்சியில் அபட் வழக்கு என்று பல வருடங்கள் இழுத்த ஒரு வழக்கு உண்டு. ஏழை நகரங்களின் பள்ளிகளுக்கும் வசதியான ஊர்களின் பள்ளிகளுக்கும் கிடைக்கும் பணத்தில் இருந்த ஏற்றத்தாழ்வு பற்றியது. அதில் 1998இல் மாநில உச்ச நீதிமன்றம், அந்த ஏழை நகரங்களில் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல ப்ரீஸ்கூல் கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. அத்தனை பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டடங்களில் இடமில்லை. அதனால் ஊரில் ஏற்கெனவே இருந்த தனியார் டேகேர்களையும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக மத்திய அரசு நிதியில் நடக்கும் ஹெட் ஸ்டார்ட் மையங்களையும் டிஸ்ட்ரிக்டுகள் ஒப்பந்தம் போட்டுச் சேர்த்துக்கொண்டன. 2017க்குப் பிறகு மாநிலம் புதிதாக நிதி ஒதுக்கி, இன்னும் பல ஊர்களுக்கு இதை விரித்தது. எல்லா ஊருக்கும் இன்னும் வரவில்லை. வீடு மாற நினைப்பவர்கள், பார்க்கும் ஊரில் முழுநாள் ப்ரீஸ்கூல் உண்டா, மூன்று வயதிலிருந்தா நான்கிலிருந்தா என்பதை டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். வீடு காட்டுகிறவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

இப்படி ஒரே டிஸ்ட்ரிக்டுக்குள் மூன்று விதமான இடங்கள் வந்துவிட்டன: தொடக்கப் பள்ளிக் கட்டடத்துக்குள் இருக்கும் வகுப்புகள், ப்ரீஸ்கூலுக்கென்றே இருக்கும் தனிக் கட்டடம், டிஸ்ட்ரிக்டோடு ஒப்பந்தம் போட்ட டேகேர்கள். எங்கே போட்டாலும் சில விஷயங்கள் மாறாது. வகுப்புக்கு 15 பிள்ளைகளுக்கு மேல் கூடாது. ஒரு டீச்சர், ஒரு அசிஸ்டன்ட். டீச்சருக்கு ப்ரீஸ்கூல் முதல் மூன்றாம் வகுப்பு வரை கற்பிப்பதற்கான மாநிலச் சான்றிதழ். ஆறு மணி நேரப் பள்ளி நாள். பாடத்திட்டமும் எங்கள் ஊரில் எல்லா இடத்திலும் ஒன்றுதான். டேகேர் என்றால் ஆயா பார்த்துக்கொள்வார், பள்ளி என்றால் டீச்சர் சொல்லிக் கொடுப்பார் என்று நம் ஆட்களிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கும் இருந்தது. அது தப்பு.

என் வீட்டுக்காரர் எக்செல் திறந்தார். பத்தொன்பது வரிசை, பதினொரு நெடுவரிசை. தூரம், நேரம், பார்க்கிங், பள்ளி மதிப்பெண் என்று அடுக்கி, கடைசியில் ஒரு மொத்த மதிப்பெண்ணும் வரும்படி செய்தார். அதில் எங்கள் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் இருக்கும் தொடக்கப் பள்ளி முதலில் வந்தது. இணையத்தில் அந்தப் பள்ளிக்குப் பத்துக்கு எட்டு. ஒப்பந்த டேகேர்களுக்கு அப்படி எந்த எண்ணும் கிடையாது. அதனால் அவை எல்லாம் வரிசையில் கீழே போய்விட்டன.

அந்த எட்டு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பாலும் மாநிலத் தேர்வு மதிப்பெண்களிலிருந்து. அந்தத் தேர்வுகள் தொடங்குவதே மூன்றாம் வகுப்பில்தான். அதாவது எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளின் கணக்கும் வாசிப்பும். அதே கட்டடத்தில் ஒரு மூலையில் இருக்கும் ப்ரீஸ்கூல் வகுப்பைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்த நெடுவரிசையை அழிக்கச் சொன்னேன். "வேற நம்பர் எதுவும் இல்லையே" என்றார். நம்பர் இல்லை என்பதற்காக அதையே வைத்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

பார்க்க அனுமதி கேட்டு எழுதியதில் மூன்று இடங்கள் வரச் சொன்னார்கள். தயவுசெய்து போய்ப் பாருங்கள், அதுவும் காலையில், பிள்ளைகள் இருக்கும்போது. மாலை ஓப்பன் ஹவுஸில் காலி வகுப்பறையையும் சிரித்த முகங்களையும்தான் காட்டுவார்கள்.

முதலில் அந்த எட்டு மதிப்பெண் பள்ளி. பளபளவென்ற தரை, பெரிய நூலகம். வகுப்பு டீச்சர் அதே அறையில் பதினான்கு வருடமாக இருப்பவர். பிள்ளைகள் வரிசையாக எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கழிப்பறைக்காம். பழைய கட்டடம் என்பதால் வகுப்புக்குள் கழிப்பறை இல்லை. நடைபாதையில் இரண்டு திருப்பம் தாண்டிப் போக வேண்டும். "குறித்த நேரத்தில் எல்லாரையும் கூட்டிப் போவோம், அவசரம் என்றால் அசிஸ்டன்ட் அழைத்துப் போவார்" என்றார்கள். நன்றாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினேன். வெளிச் சுவரில் ஒரே அச்சில் வார்த்தது போல இருபது பஞ்சுப் பனிமனிதர்கள் தொங்கினார்கள். பிள்ளைகள் சொந்தமாகச் செய்தால் இப்படி ஒரே மாதிரி இருக்காதே என்று மனதில் ஒரு மதிப்பெண் குறைத்தேன். அவை அந்த வகுப்புப் பிள்ளைகள் செய்ததே இல்லை, பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர் கேரில் மாலையில் செய்தது என்று செப்டம்பரில்தான் தெரிந்தது. அன்றைக்கே "இதை யார் செய்தது?" என்று கேட்டிருந்தால் ஆஃப்டர் கேர் பக்கம் போய் எட்டிப் பார்த்திருப்போம்.

இரண்டாவது, ப்ரீஸ்கூலுக்கான தனிப் பள்ளி. எல்லாமே சின்ன உயரத்தில். கழுவும் தொட்டி, படிக்கட்டு, விளையாட்டுத் திடல் எல்லாம் அந்த வயதுக்கே கட்டியது. பார்த்த மூன்றில் இடம் என்று பார்த்தால் இதுதான் அருமை. ஆனால் 2:40க்கு மணி அடித்தால் அவ்வளவுதான், ஆஃப்டர் கேர் கிடையாது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். தாத்தா பாட்டி வந்து தங்குகிறார்கள், அல்லது ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை முதலில் எழுதலாம்.

மூன்றாவது ஒப்பந்த டேகேர். பழைய வங்கிக் கட்டடம். வாசலில் இன்னும் ஏடிஎம் இருந்த ஓட்டை அடைத்த தடம் தெரியும். கம்பளம் நைந்திருந்தது, சொந்தத் திடல் இல்லை, தெரு தாண்டிப் பூங்காவுக்குக் கூட்டிப் போவார்களாம். என் வீட்டுக்காரர் வாசலிலேயே முகத்தைச் சுளித்தார். உள்ளே ஒரு பையன் பஞ்சை நீரில் முக்கிக்கொண்டிருந்தான். டீச்சர் அவனருகில் தரையில் உட்கார்ந்து, "தண்ணீர் எங்கே போச்சு?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. காத்திருந்தார். எனக்கே சங்கடமாகும் அளவுக்குக் காத்திருந்தார். அவன் பஞ்சைப் பிழிந்தான். "உள்ளே ஒளிஞ்சிருந்துச்சு" என்றான். அப்புறம் அவர் இன்னொரு கேள்வி கேட்டார்.

இந்த ஒரு காட்சிக்காகவே போய்ப் பார்க்கச் சொல்கிறேன். இந்த வயதில் ஒரு வகுப்பறைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம், பெரியவர்கள் பிள்ளைகளோடு எப்படிப் பேசுகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஐந்து நிமிடம் ஓரமாக உட்கார்ந்து காதை மட்டும் தீட்டிக்கொள்ளுங்கள். "உட்கார்", "வரிசையில் நில்", "இது என்ன கலர்?" என்பவை மட்டும் கேட்கிறதா, அல்லது பிள்ளை சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேச்சு நீள்கிறதா? டீச்சரை விட அசிஸ்டன்டைக் கவனியுங்கள். பார்வையாளர் வந்திருக்கிறார் என்று டீச்சர் தயாராக இருப்பார். அசிஸ்டன்ட் இயல்பாக இருப்பார்.

எங்கள் ஊரில் ஹைஸ்கோப் பாடத்திட்டம். மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டியில் 1962இல் டேவிட் வெய்கார்ட் தொடங்கிய பெர்ரி ப்ரீஸ்கூல் ஆய்விலிருந்து வளர்ந்தது. பிள்ளை முதலில் இன்றைக்கு எங்கே விளையாடப் போகிறேன் என்று திட்டம் சொல்லும், பிறகு அதைச் செய்யும், முடிந்ததும் என்ன செய்தேன் என்று திரும்பிச் சொல்லும். சில டிஸ்ட்ரிக்டுகளில் கிரியேட்டிவ் கரிகுலம் இருக்கும், சிலவற்றில் டூல்ஸ் ஆஃப் தி மைண்ட். எது உசத்தி என்று பெற்றோர் குழுக்களில் அடித்துக்கொள்கிறார்கள். டிஸ்ட்ரிக்ட் முழுக்க ஒன்றே என்னும்போது அந்தச் சண்டையால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. ஒரே ஹைஸ்கோப்தான். ஓர் அறையில் "நீ என்ன திட்டம் போட்டாய்?" என்பது உண்மையான பேச்சாக இருக்கும், இன்னோர் அறையில் அட்டையைக் காட்டி ஒப்பிக்க வைத்து முடித்துவிடுவார்கள்.

வகுப்பறைகளை அளக்க எக்கர்ஸ் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது, 1 முதல் 7 வரை மதிப்பெண். வெளியாள் வந்து சில மணி நேரம் உட்கார்ந்து போடுவது. எங்கள் பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் அதைக் கேட்டார். தனி வகுப்பின் மதிப்பெண்ணைத் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் "போன வருடம் அதில் எது குறைவாக வந்தது, அதற்கு என்ன மாற்றினீர்கள்?" என்று நான் டேகேர் இயக்குநரிடம் கேட்டபோது பத்து நிமிடம் பேசினார். ஒப்பந்த டேகேர் என்றால் இன்னொரு வசதியும் உண்டு. மாநிலத்தின் குழந்தைகள், குடும்பங்கள் துறை அவற்றுக்கு உரிமம் கொடுக்கிறது. அதன் ஆய்வு அறிக்கைகளை இணையத்திலேயே பார்க்கலாம். எங்கள் டேகேர் அறிக்கையில் ஒரு கதவுத் தாழ்ப்பாள், பிள்ளைகள் கோப்பில் விட்டுப்போன கையெழுத்துகள் என்று நாலைந்து குறைகள், எல்லாம் சரிசெய்ததாகத் தேதியோடு இருந்தது. குறையே இல்லாத அறிக்கையைத் தேட வேண்டாம். அதே குறை வருடா வருடம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டு நாங்கள் முதலில் எழுதியது எதை? எட்டு மதிப்பெண் பள்ளியைத்தான். ஏழு நிமிட நடை, பதினான்கு வருட டீச்சர், அப்புறம் அந்த எக்செல். இடம் ஒதுக்கும் குலுக்கலில், அதாவது லாட்டரியில், அதுவே விழுந்தது. வீட்டில் கேசரி எல்லாம் கிண்டினேன்.

டீச்சர் நிஜமாகவே நல்லவர். அதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். இரண்டாவது வாரமே என்னிடம், "வீட்டில் அவள் அடிக்கடி சொல்லும் பத்துத் தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் எழுதித் தாருங்கள்" என்று கேட்டார். தண்ணி, வேணும், போதும், வலிக்குது, பசிக்குது, உச்சா என்று எழுதிக் கொடுத்தேன். "போதும்" அவர் வாயில் "போடம்" ஆனது. என் மகள் நான்கு நாள் விடாமல் திருத்தினாள். எனக்கு இதில் இன்னொரு நிம்மதியும் இருந்தது. சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்ன என்று கேட்பார்கள். அடுத்த பிளாக்கில் இருக்கும் ஓர் அக்கா, "இங்கிலீஷ்னே போட்டுடும்மா. தமிழ்னு போட்டா தனியா உக்கார வச்சுடுவாங்க" என்று பயமுறுத்தியிருந்தார். அப்படி யாரும் உட்கார வைக்கவில்லை. வீட்டு மொழியை விடாமல் பேசுங்கள் என்றுதான் டீச்சரும் சொன்னார். உண்மையை எழுதுங்கள். எழுதினால்தானே பத்து வார்த்தை கேட்பார்கள்.

அக்டோபர் நடுவில் ஒன்றைக் கவனித்தேன். தண்ணீர் பாட்டில் காலையில் எப்படிப் போகிறதோ அப்படியே மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடுவாள். "ஏன்டா கண்ணா தண்ணியே குடிக்கலை?" என்றால் பதில் இல்லை. நான்கு நாள் கழித்துத் தூங்கப் போகும்போது சொன்னாள்: "தண்ணி குடிச்சா உச்சா வரும். உச்சா தூரம்."

டீச்சரிடம் சொன்ன அன்றைக்கே அவர் ஏற்பாடு செய்தார். அசிஸ்டன்ட் இவளைத் தனியாக ஒரு முறை கூட்டிப் போனார். பகல் சரியானது. மாலை சரியாகவில்லை. பள்ளி நாள் 2:45க்கு முடிந்ததும் ஆஃப்டர் கேர் வேறொரு அமைப்பின் கையில். உடற்பயிற்சிக் கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரை எல்லாரும் ஒன்றாக. வேறு ஆட்கள், வேறு விதிகள், பந்துச் சத்தம். டீச்சரின் பத்து வார்த்தைப் பட்டியல் அந்தக் கூடத்துக்குப் போகவே இல்லை. என் மகள் அங்கே மூன்றேகால் மணி நேரம் இருந்தாள். நாங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது ஆறு மணி நேரத்தை. மீதி மூன்றேகால் மணி நேரத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எக்செலில் "ஆஃப்டர் கேர்: உண்டு" என்று ஒரு டிக். முடிந்தது கதை.

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் ஆஃப்டர் கேரைப் பாருங்கள், அப்புறம் வகுப்பைப் பாருங்கள். அதே அறையா, வேறு அறையா? அதே ஆட்களா? எந்த வயதுப் பிள்ளைகளோடு? பள்ளி பாதி நாளில் விடும் நாட்களிலும், பனியால் தாமதமாகத் திறக்கும் நாட்களிலும் அது இயங்குமா? ஆறு மணி நேரம்தான் இலவசம், அதற்கு முன்னும் பின்னும் பணம் கட்ட வேண்டும். வருமானத்தைப் பொறுத்து மாநில உதவி கிடைக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

நவம்பரில் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு இடமாற்றம் கேட்டு எழுதினோம். காத்திருப்போர் பட்டியல் வருடம் முழுக்க நகர்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகள் ஊர் மாறுவார்கள், சிலருக்கு ஒத்துவராமல் போகும். செப்டம்பரில் கிடைக்கவில்லை என்று முடங்கிவிடாமல் மாதம் ஒரு முறை மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஜனவரியில் பழைய வங்கிக் கட்டடத்தில் ஓர் இடம் காலியானது.

வகுப்புக்குள்ளேயே கழிப்பறை. பத்து அடி. மாலை ஆறு வரை அதே அறை. அசிஸ்டன்ட் நாலரை வரை, அதற்கு மேல் இன்னொருவர், அவரும் எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர். முதல் வாரத்திலேயே பாட்டில் காலியாக வந்தது. நைந்த கம்பளத்தை என் வீட்டுக்காரர் அப்புறம் பேசவே இல்லை. பகல் சாப்பாடு பெரிய கிண்ணத்தில் மேசைக்கு வரும், பிள்ளைகள் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். நாங்கள் சைவம் என்பதால் சில நாள் ரொட்டியும் சீஸும் மட்டும். தயிர் சாதம் கொடுத்து அனுப்பலாமா என்று கேட்டேன். நட்ஸ் இல்லையென்றால் சரி என்றார்கள். பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

இத்தோடு நிறுத்தினால் டேகேர்தான் உசத்தி என்று ஆகிவிடும். இரண்டாம் வருடம் நவம்பரில் பஞ்சையும் தண்ணீரையும் வைத்துக் கேள்வி கேட்ட அந்த டீச்சர் வேலையை விட்டுப் போய்விட்டார். நான் எதைப் பார்த்து மயங்கினேனோ அவரே போய்விட்டார். ஏழு வாரம் மாற்று ஆசிரியர்கள். ஒருவர் மூன்று நாள், அடுத்தவர் இரண்டு வாரம். ஓரளவு நங்கூரமாக இருந்தது அசிஸ்டன்ட்தான். டிஸ்ட்ரிக்டிலிருந்து பயிற்றுநர் ஒருவர், கோச் என்பார்கள், வாரம் இரண்டு முறை வந்து வகுப்பில் உட்கார்ந்தார். அவர் பள்ளிக் கட்டடம், டேகேர் என்று எல்லா வகுப்புகளுக்கும் பொது. பெரிய பள்ளியில் அந்தப் பதினான்கு வருட டீச்சர் அப்போதும் அதே அறையில்தான் இருந்தார். "பாத்தியா?" என்று என் வீட்டுக்காரர் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் கேட்டார்.

அதனால் ஒரு கேள்வியை நான் பட்டியலில் மேலே ஏற்றிவிட்டேன்: கடந்த மூன்று வருடத்தில் இந்த அறையில் எத்தனை டீச்சர்கள், எத்தனை அசிஸ்டன்டுகள் இருந்திருக்கிறார்கள்? தயங்காமல் கேளுங்கள். பதிலை விட, பதில் எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதில் நிறையத் தெரியும்.

பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகிறது, அல்லது வேறு ஏதோ கவலை என்று இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் தோழி ஒருத்தி, லாட்டரியில் இடம் கிடைக்கவில்லை என்று எட்டு மாதம் சும்மா இருந்தாள், பையன் சரியாகப் பேசாத நிலையில். லாட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்று வயது ஆன பிள்ளையைச் சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் சிறப்புக் கல்வி கொடுப்பது மத்திய அரசுச் சட்டப்படி டிஸ்ட்ரிக்டின் கடமை, அதுவும் இலவசமாக. மூன்று வயதுக்கு முன்பு என்றால் வளர்ச்சியில் தாமதம் உள்ள சின்னக் குழந்தைகளுக்கு உதவும் மாநிலத்தின் ஏர்லி இன்டர்வென்ஷன் திட்டம். ஆனால் போனில் புலம்பினால் எதுவும் நகராது. எழுத்தில் கேட்க வேண்டும். நியூ ஜெர்சியில் எழுத்துக் கோரிக்கை கிடைத்த 20 நாளுக்குள் டிஸ்ட்ரிக்ட் உங்களை அழைத்துப் பேசியாக வேண்டும். சோதனைக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டதிலிருந்து 90 நாளுக்குள் சோதனை முடித்து, தகுதி உண்டு என்றால் திட்டமும் தொடங்க வேண்டும். தேதி போட்டுக் கடிதம் எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். "தமிழும் இங்கிலீஷும் கலந்து கேட்பதால்தான் பேச்சு வரவில்லை" என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் கடிதத்தை அனுப்புங்கள். தோழியின் பையனுக்கு இப்போது வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சி.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். இடம் கொடுப்பது நீங்கள் அந்த ஊரில் குடியிருக்கிறீர்களா என்பதைப் பார்த்துத்தான். வாடகை ஒப்பந்தம், மின்சார பில் மாதிரி ஆதாரங்கள் கேட்டார்கள். விசா பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தடுப்பூசிப் பட்டியலில் நம் ஆட்கள் மறப்பது ஃப்ளூ ஊசி. ஐந்து வயதுக்குக் கீழ் இருக்கும் ப்ரீஸ்கூல் பிள்ளைகளுக்கு டிசம்பர் 31க்குள் போட்டிருக்க வேண்டும். எங்களுக்கு டிசம்பர் 28ஆம் தேதிதான் ஞாபகம் வந்தது. அப்புறம் நாட்காட்டி. பள்ளி வருடம் ஏறத்தாழ 180 நாள், அலுவலகமோ ஓயாது. நவம்பர் தொடக்கத்தில் ஆசிரியர் சங்க மாநாட்டுக்காக வியாழன், வெள்ளி இரண்டு நாள் விடுமுறை வரும். முதல் வருடம் அது எங்களைத் தூக்கிவாரிப்போட்டது. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் டிஸ்ட்ரிக்ட் ப்ரீஸ்கூல் கிடையாது. எங்கள் ஒப்பந்த டேகேர் கோடையிலும் பணம் வாங்கிக்கொண்டு நடத்தியது. பள்ளிக் கட்டடத்தில் இருந்திருந்தால் இரண்டு மாதத்துக்கு வேறு இடம் தேடியிருக்க வேண்டும். இந்த ஒரு வரி எக்செலில் இல்லவே இல்லை.

இன்னொன்றும் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. ப்ரீஸ்கூல் எங்கே படித்தாலும் கிண்டர்கார்டன் வீட்டு முகவரிப்படிதான். பெரிய பள்ளியில் ப்ரீஸ்கூல் சேர்த்தால் அங்கேயே தொடரலாம் என்று சிலர் அதற்காகவே எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் அது செல்லாது. மறுபக்கம் பார்த்தால், டேகேரில் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு வருட நட்பை விட்டுவிட்டு ஐந்து பள்ளிகளுக்குச் சிதறுகிறார்கள். என் மகளின் நெருங்கிய தோழி இப்போது ஊரின் மறுகோடியில். மாதம் ஒரு முறை பூங்காவில் சந்திக்க வைக்கிறோம்.

எங்கள் முகவரிக்கு வந்தது அந்தப் பழைய எட்டு மதிப்பெண் பள்ளியேதான். போன ஆகஸ்டில் கிண்டர்கார்டன் அறிமுக நாளுக்குப் போனோம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் என் கையை விட்டுவிட்டு நடைபாதையில் முன்னால் நடந்தாள். இரண்டு திருப்பம் தாண்டி நின்று, தன்னை விடச் சின்னதாக இருந்த ஒரு பையனிடம் கதவைக் காட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "அவனுக்குத் தெரியாதுல்லம்மா. இது தூரம். வர்றதுக்கு முன்னாடியே கேக்கணும்."